இருட்டில் நால்வருக்கு ஒரு மேசை

என் தங்கை கோலாலம்பூரில் இருபத்து மூன்றாவது மாடியில் குடியிருக்கிறாள். நான் சொல்லாவிட்டாலும் அவளே உங்களிடம் சொல்லிவிடுவாள். பேச்சு தக்காளி விலையில் தொடங்கினாலும் சரி, அம்மாவின் முழங்கால் வலியில் தொடங்கினாலும் சரி, இரண்டே நிமிடத்தில் லிஃப்ட் ஏறி இருபத்து மூன்றாவது மாடியில் போய் நின்றுவிடும். கல்யாணமாகி அங்கே போய் மூன்று வருடம் ஆகிறது. அவள் கணவர் பெட்டாலிங் ஜெயாவில் பிறந்து வளர்ந்தவர். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்குக் கணினி வேலை பார்க்கிறார். என்ன வேலை என்று ஒருமுறை கேட்டேன். பொறுமையாக விளக்கினார். அதன்பிறகு நான் கேட்கவில்லை.

நான் இருப்பது பத்தாங் பெர்ஜுந்தாயில். ஊர்ப் பெயரைப் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றி எத்தனையோ காலமாகிவிட்டது. அந்தச் செய்தி பெயர்ப்பலகைகளுக்கு மட்டும்தான் தெரியும். நானும் தங்கையும் பிறந்த தோட்டத்து லயத்து வீடுகளை இடித்துவிட்டு அந்த இடத்திலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டுவிட்டார்கள். இப்போது தாமான் என்கிற குடியிருப்பில் வரிசை வீடு. காலையில் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்துக்குப் போகிறேன், மாலையில் திரும்புகிறேன். என் கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அவர் பேசுவதைவிட அந்த லோரி ஹாரன் அடிப்பது அதிகம். பிள்ளைகள் இருவரும் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். ஆக, எங்கள் வீட்டின் மாலைப்பொழுது எவ்வளவு ஆரவாரமாக இருக்கும் என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

தங்கைக்கு என்மேல் பெரிய இரக்கம் உண்டு. இரவில் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவாள்.

"அக்கா, ஏழு மணிக்கு மேல அங்க நீங்கள்லாம் என்னதான் பண்ணுவீங்க?"

நியாயமான கேள்விதான். ஏழு மணிக்கு மேல் எங்கள் கடைத்தெருவில் துணிக்கடைக்காரர் இரும்புக் கதவை இழுத்துவிடும் சத்தம் கேட்கும். அதுதான் எங்கள் இன்னிசை நிகழ்ச்சி. பிறகு தோசைக் கடை வாசலில் நாய்கள் இரண்டு அணியாகப் பிரிந்து விளையாடும். அதுதான் விளையாட்டரங்கம். வாரத்தில் ஒரு நாள் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தை உண்டு. அங்கே போன வாரம் விற்காத அதே பிளாஸ்டிக் வாளியை இந்த வாரமும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஒன்பதரைக்கு நான் தூங்கிவிடுவேன். அவள் அனுப்பும் குரலை மறுநாள் காலை பஸ்ஸில்தான் கேட்பேன்.

அவள் அனுப்பும் படங்களோ வேறு உலகம். உயரமான கோபுரத்தின் உச்சியில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் நின்று காலுக்குக் கீழே நகரத்து விளக்குகளைப் பார்த்துப் பயப்பட வேண்டும். பயப்படுவதற்குக் கட்டணம் உண்டு. ஒரு வாரம் அந்தப் படம். அடுத்த மாதம் மீன் தொட்டியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் படம். குட்டி மீன்கள் காலைக் கொத்துமாம். நம் ஊரில் ஈயம் தோண்டிய பழைய குட்டையில் காலை விட்டால் அட்டையும் சேர்ந்து கடிக்கும், அதைப் போய்ப் பெருமையாகப் படம் எடுத்து அனுப்புகிறவர் யாரும் இல்லை. பிறகு மாடி மேல் மாடி ஏறி, விலை கூடின பழச்சாற்றோடு நிற்கும் படம். எல்லாப் படங்களுக்கும் நான் ஒரு கட்டைவிரல் அனுப்புவேன். சில சமயம் இரண்டு.

போன வருடம் ஒருநாள் அவள் குரல் அனுப்பாமல் நேரடியாகவே கூப்பிட்டாள்.

"அக்கா, சனிக்கிழம அவருக்குப் பொறந்தநாள். நாலு பேருக்கு டேபிள் புக் பண்ணிட்டேன். நீயும் மாமாவும் கண்டிப்பா வரணும். சாதாரண ரெஸ்டாரன் இல்லக்கா, டிஃபரண்டா இருக்கும்."

"என்ன டிஃபரண்டு? சாப்பாடு நல்லா இருக்குமா?"

"இருட்டுல சாப்புடுறது."

"ஏன், கரண்டு பில்லு கட்டலையா அவங்க?"

"ஐயோ அக்கா! வேணும்னே இருட்டு. ஒண்ணுமே தெரியாது. என்ன சாப்புடுறோம்னே தெரியாது. அதுதான் எக்ஸ்பீரியன்ஸ்."

எங்கள் தோட்டத்தில் ஜெனரேட்டர் இரவு பத்து மணிக்கு நிற்கும். அதற்குப் பிறகு சாப்பிட உட்கார்ந்த எல்லாருக்கும் இந்த எக்ஸ்பீரியன்ஸ் தினமும் கிடைத்தது. ரசத்தில் மிதப்பது மிளகாயா கரப்பானா என்பதை நாக்குதான் முடிவு செய்யும். என் தங்கை அப்போது இருட்டில் சாப்பிட மாட்டேன் என்று ஒப்பாரி வைத்த குழந்தை. அவளுக்காக அம்மா தகர விளக்கைத் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பார். அந்தக் குழந்தை வளர்ந்து, படித்து, சம்பாதித்து, இப்போது இருட்டுக்கு டேபிள் புக் பண்ணியிருக்கிறது. இந்த வியாபாரத்தை அன்றைக்கே தொடங்காமல் விட்ட எங்கள் அப்பாவை நினைத்து வருத்தப்பட்டேன்.

கணவரிடம் சொன்னேன். அவர் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"கேஎல் வரைக்கும் போயி இருட்டுல சாப்புடணுமா?"

"ஆமா."

"இங்கயே லைட்ட அணைச்சா என்ன?"

அந்த வாரத்தில் அவர் பேசிய மிக நீண்ட உரை அதுதான்.

சனிக்கிழமை மாலை கிளம்பினோம். பெருநகரத்துக்குப் போகிறோமே என்று, பெட்டியில் இருந்த புது வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். இருட்டில் சாப்பிடப் போகிறவள் வெள்ளைச் சட்டை போடலாமா என்று எனக்கும் தோன்றவில்லை, அவரும் சொல்லவில்லை. ஈஜோக் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியவரை எல்லாம் சுகம். நகரம் நெருங்க நெருங்க, முன்னால் போகும் காடிகளின் சிவப்பு விளக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பெருநகரத்தின் முதல் இரவுக் கேளிக்கை இதுதான்: ஆயிரம் பேர் சேர்ந்து ஒருவர் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருப்பது. பக்கத்துக் காடியில் ஒரு சீனக் குடும்பம் சாப்பிடவே தொடங்கிவிட்டது. முழு லோரியைச் சேற்றுப் பாதையில் பின்னோக்கி ஓட்டுகிற மனிதர் என் கணவர். அவர் உணவகம் இருந்த பேரங்காடியின் நிலவறையில் காடியை நிறுத்த இடம் தேடிச் சுற்றிச் சுற்றி இறங்கியபோது, ஏதோ முணுமுணுத்தார். என்ன என்று கேட்டேன். "இன்னும் ஒரு சுத்து சுத்துனா ஜொகூர் வந்துரும்" என்றார்.

தங்கையும் அவள் கணவரும் வாசலில் காத்திருந்தார்கள். தங்கை மஞ்சள் நிறக் கவுன் போட்டிருந்தாள். அவள் கணவரை நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். அவர் இஸ்திரி போட்ட சட்டையில், வாசனைத் திரவியத்தோடு பளபளவென்று இருந்தார்.

"ஹாய் அக்கா, லோங் டைம். அண்ணே, ஜாம் எப்படி?"

"இருந்துச்சு" என்றார் என் கணவர்.

டேபிளுக்கு இன்னும் நேரம் இருந்தது. அதனால் வெளியே நீரூற்று பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். நீரூற்றுக்குப் பாட்டுப் போட்டு, நீருக்கு நிறம் அடித்து, ஆட விடுகிறார்கள். சுற்றி நின்ற நூற்றுக்கணக்கான பேரில் ஒருவர்கூட அதை நேராகப் பார்க்கவில்லை. எல்லாரும் கைப்பேசியைத் தலைக்கு மேல் பிடித்து, அதற்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் நின்றவர் உயரமானவர். ஆகவே நான் அவருடைய கைப்பேசியில் நீரூற்றைப் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. தங்கை கையை நீட்டி எங்கள் நால்வரையும் சேர்த்துப் பல படங்கள் எடுத்தாள். ஒவ்வொரு படத்துக்கும் தம்பி அவள் தோளில் கை போட்டுச் சிரித்தார். படம் எடுத்து முடிந்ததும் கையை எடுத்துவிட்டு மணி பார்த்தார். அதை நான் கவனித்தேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உணவகம் முதல் மாடியில். முன்னறையில் நல்ல வெளிச்சம். அங்கே கைப்பேசி, கைக்கடிகாரம், கைப்பை எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். மின்னுகிற பொருள் எதுவும் உள்ளே போகக் கூடாதாம். சாவியைத் தம்பி சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எங்களுக்குப் பரிமாற வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு மலாய்க்கார அக்கா. அவருக்குக் கண் தெரியாது. அவர் திரும்பி நின்று, தன் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அவர் தோளில் தம்பி, தம்பி தோளில் தங்கை, தங்கை தோளில் நான், என் தோளில் என் கணவர். நாற்பதைத் தாண்டிய நான், பாலர் பள்ளியில் விட்ட இடத்திலிருந்து ரயில் விளையாட்டைத் தொடர்ந்தேன். கனமான திரைகளைத் தாண்டினோம். அவ்வளவுதான். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான்.

நாற்காலியைத் தடவி உட்கார்ந்தோம். சுற்றி மற்ற மேசைகளில் ஆட்கள் இருப்பது குரலில் தெரிந்தது. இருட்டானால் மனிதர்கள் ஏன் சத்தமாகப் பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. எங்கோ ஒரு பெண் "வாவ், வாவ்" என்றாள். அவளுக்கு இன்னும் சாப்பாடே வரவில்லை.

"எப்படிக்கா இருக்கு?" தங்கையின் குரல் எனக்கு இடப்பக்கத்திலிருந்து வந்தது.

"அருமையா இருக்கு. ஒண்ணுமே தெரியல."

"அதான் எக்ஸ்பீரியன்ஸ்!"

முதலில் ஒரு கிண்ணம் வந்தது. கரண்டியை எடுத்து வாய் இருக்கும் திசையில் கொண்டுபோனேன். பாதி என் வாய்க்கும் பாதி என் வெள்ளைச் சட்டைக்கும் கிடைத்தது.

எதிர்ப்பக்கமிருந்து தம்பி பேசினார். "ம்ம்… இது மே பி காளான், கொஞ்சம் ட்ரஃபிள் ஆயில். ஃப்ரெஞ்ச் ஸ்டைல், ஐ திங்க்."

"பூசணிக்கா" என்றார் என் கணவர்.

பிறகு ஒரு தட்டு வந்தது. முள்கரண்டி தட்டில் மோதும் சத்தம் எதிர்ப்பக்கம் விடாமல் கேட்டது. ஒவ்வொரு முறையும் வெறும் முள்ளைத்தான் தம்பி வாயில் வைத்தார் என்று நினைக்கிறேன், மெல்லும் சத்தமே கேட்கவில்லை. எனக்கு வலப்பக்கம் சத்தமே இல்லை. என் கணவர் முள்கரண்டியை மேசையில் வைத்துவிட்டுக் கையால் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நானும் கையைப் போட்டேன். அது கோழி. கோழியை எங்கே தொட்டாலும் கோழிதான்.

தம்பி தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார். இந்த மாதிரி உணவகம் ஐரோப்பாவில் எப்படி இருக்கும், மற்றப் புலன்கள் எப்படிக் கூர்மையாகும், மூளை எப்படி வேலை செய்யும் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். பேச்சு வேகம் கூடிக்கொண்டே போனது. திடீரென்று நின்றது.

"ஏங்க? ஏன் பேசாம இருக்கீங்க?" என்று தங்கை கேட்டாள்.

"ஐம் ஓகே பேபி. ஐம் ஓகே. ஐம் ஓகே."

யாரும் மூன்று முறை கேட்கவில்லை. நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. ஒரு குவளை உருண்டு போய் என் மடியில் தண்ணீர் கொட்டியது. வேகமாக மூச்சு வாங்குவது கேட்டது.

"கதவு எங்க? கதவு எங்க இருக்கு? எனக்கு மூச்சு முட்டுது. அம்மா…"

ஆங்கிலக் கலப்பே இல்லாமல் அவர் தமிழ் பேசி அன்றுதான் முதல்முறை கேட்டேன். தங்கை அவர் பக்கம் எழுந்து போகப் பார்த்து மேசைக் காலில் இடித்துக்கொண்டாள். அப்போது என் கணவரின் குரல் வந்தது. லோரி டயர் பஞ்சரானாலும் அதே குரல்தான்.

"சகல, கைய நீட்டுங்க. மேச மேலதான். இந்தா, இது என் கை. கெட்டியாப் புடிங்க. ஒண்ணும் இல்ல. எந்திரிங்க, வெளிய போயி காத்து வாங்கலாம்."

பரிமாறும் அக்காவைக் கூப்பிட்டார். அவர் விரைவாக வந்துவிட்டார். பயப்பட வேண்டாம், தினமும் யாராவது ஒருவர் இப்படித்தான் என்று மலாயில் ஆறுதல் சொன்னார். தங்கை தானும் வருவதாகச் சொன்னாள். "நீ இரு, நான் பாத்துக்கறேன்" என்றார் என் கணவர். மூன்று பேரின் காலடி திரை வரைக்கும் போய் நின்றது. பிறகு இல்லை.

மேசையில் நானும் தங்கையும் மட்டும். பக்கத்து மேசைக்காரர்கள் என்ன ஆச்சு என்று ஆங்கிலத்தில் கிசுகிசுத்தார்கள். தங்கையிடமிருந்து விட்டுவிட்டு ஒரு சத்தம் வந்தது.

"அழுவுறியா?"

"இல்ல, சிரிக்கிறேன்."

"ரெண்டும் ஒரே மாதிரிதான் கேக்குது."

அதன்பிறகு அவள் உண்மையாகவே அழுதாள். நான் கையை நீட்டினேன். முதலில் ரொட்டிக் கூடை அகப்பட்டது, பிறகுதான் அவள் கை.

"பொறந்தநாளும் அதுவுமா அவர இப்படிப் பண்ணிட்டேனேக்கா."

"நீ என்ன பண்ண? அவருக்கு இருட்டு ஆகாதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதான் அழுவுறேன். மூணு வருசமா கூட இருக்கேன், அவரப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியல."

இருட்டில் எதிரில் முகம் இல்லாததால் அவளுக்கு வசதியாக இருந்திருக்க வேண்டும். கேட்காமலே பேசினாள். கணவரின் அலுவலகம் வெளிநாட்டில். அங்கே காலை விடியும்போது இங்கே இரவு எட்டு மணி. அவர் எட்டு மணிக்கு அறைக் கதவைச் சாத்தினால் திறக்கும்போது நடுநிசியாகிவிடும். இவள் வேலை முடிந்து, சாலை நெரிசலில் நின்று, வீடு வரும்போதே எட்டாகிவிடும்.

"பால்கனியில நின்னு ரோட்டப் பாப்பேன்க்கா. அந்தப் பக்கம் போற காடி எல்லாம் செவப்பு லைட்டு, இந்தப் பக்கம் வர்றது எல்லாம் வெள்ள லைட்டு. அதத்தான் தெனமும் பாக்கறேன். தட்டக் கையில வச்சிக்கிட்டு நின்னுக்கிட்டே சாப்டுருவேன்."

"அப்ப அந்தப் போட்டோல்லாம்? கண்ணாடிப் பெட்டி, மீன் தொட்டி?"

"ஆபீஸ் ஆளுங்களோட ஒரே ராத்திரி போனது. அத கொஞ்சம் கொஞ்சமா உனக்கு அனுப்புனேன்."

"நானும் நெனச்சேன். எல்லாத்துலயும் அதே பச்சச் சட்ட."

அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. என் பேச்சு எப்போதுமே அப்படித்தான். ஆறுதல் சொல்லப் போனாலும் குத்தலாகத்தான் வரும். வேறு மாதிரி சொல்ல நான் கற்றுக்கொள்ளவில்லை. கையை மட்டும் விடவில்லை.

"இன்னைக்கு ரெண்டு பேருக்குத்தான் மொதல்ல புக் பண்ணேன். அப்புறம் யோசிச்சேன். உள்ள போயி நாங்க ரெண்டு பேரும் என்ன பேசுறது? போனும் இருக்காது, டிவியும் இருக்காது. பயமா இருந்துச்சு. அதான் உங்களயும் சேத்துக்கிட்டேன்."

"அதாவது நாங்க ஊறுகா."

"ஆமாக்கா. கோவிச்சிக்காத."

கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? நால்வருக்கான சாப்பாடு எங்கள் இருவர் முன்னால் இருந்தது. கடைசியாக இனிப்பு வந்தது. இரண்டு பேரும் நான்கு கிண்ணங்களையும் காலி செய்தோம். அவள் இடையிடையே மூக்கை உறிஞ்சினாள். ஜெனரேட்டர் நின்ற லயத்தில் ஒப்பாரி வைத்த குழந்தை, இப்போது வழித்து வழித்துச் சாப்பிட்டது.

திரையைத் தாண்டி வெளிச்சத்துக்கு வந்தபோது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என் வெள்ளைச் சட்டையில் பூசணிக்காய் மஞ்சளும், பீட்ரூட் சிவப்பும், இன்னதென்று தெரியாத ஒரு பச்சையும் இருந்தன. முன்னால் இருந்த பணிப்பெண், பார்க்காததுபோல் பார்ப்பதில் நல்ல பயிற்சி பெற்றவள். ஆண்கள் இருவரையும் காணவில்லை. கீழே போனார்கள் என்றாள். சாவி தம்பியின் சட்டைப்பையில். எங்கள் கைப்பேசி, கைப்பை எல்லாம் பெட்டிக்குள்.

"அவரு நம்பர் சொல்லு, இவங்க போன்ல கூப்புடலாம்" என்றேன்.

தங்கை யோசித்தாள். "நம்பர் போன்ல இருக்கு."

"நல்லது."

"மாமா நம்பர்?"

எனக்கும் அது கைப்பேசியில்தான் இருந்தது.

ஆக, பெருநகரத்தின் மையத்தில், விளக்குகள் எல்லாம் எரியும் நேரத்தில், சட்டை முழுக்கக் குழம்போடு, பத்து காசு கையில் இல்லாமல் இரண்டு பெண்கள் கீழே இறங்கினோம். வாசனைத் திரவியக் கடை வாசலில் நின்றவர்கள் எங்களுக்கு மட்டும் மாதிரி அட்டை நீட்டவில்லை. வெளியே வந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தோம். சாலைக்கு எதிரே ஒரு மாமாக் கடை, தமிழ் முஸ்லிம்களின் சாப்பாட்டுக் கடை. அதன் வெளிமேசையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

தம்பியின் தலைமுடி ஈரமாக இருந்தது. முகம் கழுவியிருக்கிறார். இஸ்திரிச் சட்டையின் கையை மடித்துவிட்டு ரொட்டி சானாயைக் கையால் பிய்த்து, சாம்பாரில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டே விடாமல் பேசிக்கொண்டிருந்தார். என் கணவர் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். உலகத்தில் எல்லாருக்கும் பேச ஆள் கிடைத்துவிடும். கேட்கத்தான் ஆள் கிடைக்காது. அந்த வகையில் எனக்கு வாய்த்தவர் அபூர்வம். என்ன, வீட்டில் சில சமயம் சுவரோடு வாழ்வதுபோல் இருக்கும்.

எங்களைப் பார்த்ததும் தம்பி எழுந்தார். "சோரி பேபி. சோரி அக்கா. உங்க டின்னரக் கெடுத்துட்டேன்."

"எங்க டின்னர் ஒண்ணும் கெடல தம்பி. உங்க டின்னரையும் சேத்து நாங்கதான் சாப்ட்டோம்" என்றேன்.

உட்கார்ந்தோம். தங்கை அவர் முகத்தையே பார்த்தாள். "என்னங்க ஆச்சு உங்களுக்கு?"

அவர் கொஞ்சம் தயங்கி, என் கணவரைப் பார்த்தார். என் கணவர் தலையை ஆட்டினார். பிறகு தம்பி சொன்னார். சின்ன வயதில் அடுக்குமாடி வீட்டில் இருந்தார்களாம். ஒருநாள் மின்சாரம் போய், லிஃப்டுக்குள் தனியாக மாட்டிக்கொண்டார். கத்தியும் யாருக்கும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் என்று இன்றைக்கும் தெரியாது. அதிலிருந்து மூடின இருட்டு என்றால் ஆகாது. லிஃப்ட் என்றாலே உள்ளங்கை வேர்க்கும்.

"அப்ப தெனமும் எப்படி மேல போறீங்க?" தங்கையின் குரல் இறங்கிவிட்டது.

"கண்ண மூடிக்கிட்டு நம்பர் எண்ணுவேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படி சொல்றது? நீ எல்லார்கிட்டயும் அவ்ளோ சந்தோசமா சொல்ற, இருபத்து மூணாவது மாடின்னு. உனக்குப் புடிச்சிருக்கேன்னு விட்டுட்டேன்."

தங்கை மேசையில் கிடந்த சீனிப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பி வைத்தாள். அவள் தன் பங்கைச் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும். வெளிச்சத்தில் அவளுக்கு வாய் வராது. நானே வாயைத் திறந்தேன்.

"தம்பி, இவ தெனமும் தனியாத்தான் சாப்புடுறா. பால்கனியில நின்னுக்கிட்டு. தெரியுமா உங்களுக்கு?"

மேசைக்கு அடியில் ஓர் உதை வந்தது. என் கணவருக்கு விழுந்தது. அவர் அசையவில்லை.

"இல்லக்கா, அவதான் சாப்ட்டேன் சாப்ட்டேன்னு சொல்லுவா."

"கதவ சாத்திக்கிட்டு மீட்டிங்ல இருக்கறவருகிட்ட வேற என்னன்னு சொல்லுவேன்?" தங்கை வெடித்தாள். பக்கத்து மேசையில் காற்பந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். அவர்களுக்கும் எங்கள் ஆட்டம்தான் சுவாரசியமாக இருந்தது போலும். "எட்டு மணிக்கு மேல நீங்க அந்த ரூம்ல, நான் இந்தப் பக்கம். வாரத்துல ஒரு நாளாச்சும் ஒக்காந்து சாப்புடலாம்ல?"

"நீ கேக்கவே இல்லயே."

"நீங்க பாக்கவே இல்லயே."

கடைக்காரப் பையன் வேறு ஏதும் வேண்டுமா என்று கேட்டான். அப்போதுதான் என் கணவர், அந்த மாதத்துக்கான பேச்சு முழுவதையும் ஏற்கனவே மேலே இருட்டில் செலவழித்துவிட்டவர், இன்னும் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தது தெரிந்தது.

"ஒரு நாளு ராத்திரி மீட்டிங் வேணாம்னு பாஸ்கிட்ட கேளுங்க சகல. கேட்டா என்ன, லோரியா கவுந்துரும்?"

தம்பி சிரித்தார். தங்கையும் சிரிக்கத்தான் பார்த்தாள், மூக்கு ஒத்துழைக்கவில்லை. கடைசியில் அவள்தான் இன்னும் இரண்டு ரொட்டி சானாய் சொன்னாள். நான்கு பேர் சாப்பாட்டை இரண்டு பேர் சாப்பிட்டுவிட்டு வந்தோம் என்பதை நான் நினைவூட்டவில்லை. பெட்டியிலிருந்து பொருள்களை எடுத்துக்கொண்டு நாங்கள் ஊருக்குத் திரும்பினோம். வழியெல்லாம் சாலை காலியாக இருந்தது. என் கணவர் வாய் திறக்கவில்லை. ஈஜோக் வந்ததும் ஒருமுறை மட்டும், "நல்ல புள்ளதான்" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

தம்பி கேட்டிருக்கிறார். லோரி கவிழவில்லை. புதன்கிழமை இரவுகளில் கூட்டம் வேண்டாம் என்று அந்த வெளிநாட்டுக் கம்பெனி பெருந்தன்மையோடு ஒத்துக்கொண்டது. மற்ற நாள்களில் அதே கதவு, அதே எட்டு மணிதான். வீட்டையும் மாற்றவில்லை. வாடகை ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை என்கிறார்கள். லிஃப்டில் அவர் போகும்போது தங்கை கூட இருந்தால், கையைப் பிடித்துக்கொள்கிறாளாம். இதை அவள் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள்.

முதல் புதன்கிழமைக்கு மறுநாள், சாப்பாட்டு இடைவேளையில் நானே அவளைக் கூப்பிட்டேன்.

"என்ன, ஒக்காந்து சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டோம்க்கா. மொதல்ல என்ன பேசுறதுன்னே தெரியல. ரெண்டு பேரும் தட்டயே பாத்துக்கிட்டு இருந்தோம். அப்புறம் அவரு, மீன் சம்பால்ல உப்பு கூடன்னு சொன்னாரு."

"சொன்னாரா?"

"சொன்னாரு. மூணு வருசமா எதப் போட்டாலும் நைஸ் பேபி, நைஸ் பேபின்னு சாப்ட்ட மனுசன். எனக்கு வந்துச்சு பாரு கோவம். அப்ப இத்தன நாளா என்ன நைஸுன்னு கேட்டேன். அவரு ஒண்ணு சொல்ல, நான் ஒண்ணு சொல்ல, ஒரு மணி நேரம் சண்டக்கா."

"சரி, அப்புறம்?"

"அப்புறம் என்ன, ரெண்டு பேருமா சேந்து சட்டி பான கழுவுனோம்."

"நல்லா இருந்துச்சா?"

அந்தப் பக்கம் பின்னணியில் யாரோ லிஃப்டுக்குக் காத்திருக்கும் பேச்சுக் கேட்டது.

"ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா" என்றாள்.